வெண்கலம் கேட்ட ஏலம்

“ஓடிப்போனான், ஓடிப்போனான்னு சொல்றியே, அவர் ஓடுனத நீ பாத்தியா?”

கீழ்வீட்டு இஸ்திரிக்காரியிடம் நான் இதைக் கேட்டபோது தண்ணீர்க் குழாயடியில் இன்னும் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும், கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

“நான் எங்கம்மா சொன்னேன்? எல்லாரும் பேசிக்கிறாங்க. போன்ல ஏலம் ஏலம்னு கெடந்தானாம். மூட்ட தூக்கறவங்க குடுத்த பணத்தப் பூரா அதுல விட்டானாம். இப்ப பொண்டாட்டி புள்ளையையும் விட்டுட்டு...”

“மொதல்ல ‘கெடந்தாரு, விட்டாரு’ன்னு சொல்லிப் பழகு. என் மருமகன் உன்கிட்ட என்னைக்காவது மரியாதை இல்லாம ஒரு வார்த்தை பேசியிருக்காரா?”

“அவருக்குத்தான் பேச்சே வராதே” என்றாள். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குடம் நிறைந்துவிட்டது, அன்றைக்கு அதோடு வந்துவிட்டேன். அவளிடம் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

என் மருமகனைக் காய்கறி மண்டியில் வெண்கலம் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஏலம் விடுவது அவர் வேலை. விடிந்ததும் லாரிகளிலிருந்து மூட்டைகளை இறக்கி வரிசையாகப் போடுவார்கள். இவர் கையில் ஒரு கட்டையோடு மரப்பெட்டிமேல் ஏறி நிற்பார். ‘ஒரு தரம்’ என்று பக்கத்துத் தூணில் ஒரு தட்டு. ‘ரெண்டு தரம்’ என்று இன்னொரு தட்டு. ‘மூணு தரம்’ என்று மூன்றாவது தட்டும் விழுந்துவிட்டால் தீர்ந்தது; அதற்குப் பிறகு மண்டி முதலாளியே வந்து நின்றாலும் மூட்டை கைமாறாது. நான் காய் வாங்கப் போகும் நாட்களில் தெருமுனை திரும்பும்போதே அந்தக் குரல் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகும். மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. தகரக் கூரை அதிரும்.

வீட்டுக்கு வந்தால் அந்தக் குரலை மடித்து வைத்துக்கொண்டுதான் பேசுவார். “ஏன் மாப்பிள்ளை, வீட்ல மட்டும் பூனை மாதிரி பேசறீங்க?” என்று கேட்டால், “சத்தமா பேசினா உங்க கண்ணாடி டம்ளர் ஒடஞ்சிடும் அத்தை, அப்புறம் என்னத்தான் திட்டுவீங்க” என்பார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல் கரகரத்தபோது கத்திக் கத்திக் கம்மிவிட்டது என்றே நினைத்தோம். அவரும் வெந்நீரைக் குடித்துக் குடித்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. உயிரை விட்டுவைத்துக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை, மூச்சு அதன் வழியாகத்தான் போய் வரும். என் மகள் அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அந்த ஓட்டையை மூடிக்கொள்ள மெல்லிய துணியில் கழுத்துப்பட்டி தைத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. மகள் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போய்விட்டால் நானும் அவரும்தான். அவருக்குப் பேச்சு இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால் எனக்கு எழுத்து தெரியாது. ஒரே கூரையின் கீழ் பகல் முழுவதும் நாங்கள் இருவரும் எப்படி இருந்திருப்போம் என்று நினைத்துப்பாருங்கள். காய்ச்சலா, பசியா, கோபமா, எல்லாவற்றையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். என்னைக் கூப்பிடக் கதவு நிலையில் ஒரு தட்டு தட்டுவார். நான் எதற்காவது அடம் பிடித்தால் மூன்று தட்டு தட்டிவிட்டுச் சிரிப்பார். பேச்சு முடிந்தது, மண்டிச் சட்டம், அதற்குமேல் நான் வாய் திறக்கக்கூடாது.

எழுதியதைப் படித்துச் சொல்லும் வசதி போனிலேயே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதையும் வைத்துப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளையின் குரல், வானிலை சொல்வது போல, “அத்தை எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்றது.

“என் பொண்ணுக்குத் தெரியாம இது யாரு மாப்பிள்ளை வீட்டுக்குள்ள?” என்றேன்.

வயிறு குலுங்கச் சிரித்தார், சத்தமே இல்லாமல். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குரலை அவர் பேசவிடவே இல்லை. ‘அது நான் இல்லை’ என்று எழுதிக் காட்டினாராம். மகள்தான் சொன்னாள்.

அவர் மனத்தில் இருந்தது வேறு. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்கும் அம்மாள் ஒரு கருவியைக் கொஞ்ச நேரம் அவர் கையில் கொடுத்திருந்தார். டார்ச் விளக்கு மாதிரி இருக்கும். கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டையும் நாக்கையும் அசைத்தால் அந்த அதிர்வு பேச்சாக வரும். அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “அத்தை, உக்காருங்க.” டப்பாவுக்குள் வண்டு ரீங்காரம் போட்ட மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் அந்த ‘உக்காருங்க’ அவருடையது. நின்றுகொண்டிருந்த நான் உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாக வாங்க எங்களால் ஆகாது. ஆனால் கருவி வந்தால் வேலை காத்திருந்தது. மண்டி வாசலில் மைக்கில் லாரிகளைக் கூப்பிட்டு, எது எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று சொல்லும் வேலை. முதலாளி வீட்டுக்கே வந்து சொன்னார்.

“குரல் எப்படி இருந்தா என்ன, மைக்கு இருக்கு. ஆனா டிரைவருங்க திருப்பிக் கேப்பானுங்க, சண்டை பிடிப்பானுங்க. அப்பவே பதில் சொல்லணும். போன்ல தட்டிக்கிட்டிருந்தா அவன் அதுக்குள்ள உன்னையும் திட்டி என்னையும் திட்டிட்டுப் போயிருப்பான். இந்த மாசக் கடைசி வரைக்கும் யாரையும் போடல. அதுக்குள்ள ஒரு குரலோட வா வெண்கலம்.”

இதைக் கேட்ட மூட்டை தூக்குகிறவர்கள் காலி வெங்காயச் சாக்கு ஒன்றைக் கையோடு கைமாற்றி, ஆளுக்குக் கொஞ்சம் அன்றைய கூலியிலிருந்து போட்டார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர்தான் அந்தச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் படி ஏறி வந்தார். “இது கடன் இல்ல, கத்தினதுக்குக் கூலி” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கினார்.

பழைய கருவிகள் போனில் நடக்கும் ஏலத்தில் வருகின்றன என்று மகளோடு வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி சொன்னாள். வீட்டுக்கே வந்து எல்லாம் கற்றுக்கொடுத்தாள். விற்கிறவர் இதற்கு முன் என்னென்ன விற்றிருக்கிறார், வாங்கினவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். படத்தை நம்பக்கூடாது. கேள்வி கேட்டால் பதில் வருகிறதா பார்க்க வேண்டும். இவ்வளவுக்குமேல் போகமாட்டேன் என்று ஆரம்பிக்கும் முன்பே மனத்தில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பணத்தை அந்த ஏலத் தளத்துக்குள்ளேயே கட்ட வேண்டும். சாமான் கைக்கு வரும்வரை அது அவர்கள் பிடியில் இருக்கும். “அண்ணே, எதுவா இருந்தாலும் வெளிய மட்டும் பணம் அனுப்பாதீங்க” என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னாள்.

இவர் அவசரப்பட்டாரா? இல்லை. பழகுவதற்காக முதலில் ஒரு சின்ன டார்ச் வாங்கினார். படத்தில் என் முழங்கை நீளம் இருந்தது, வந்தது என் விரல் நீளம். நான் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அளவு கீழே எழுதியிருந்ததாம், படிக்காமல் விட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவித் தடவித்தான் படிப்பார்.

ஒரு கருவி வந்தது. படம் விளம்பரத்திலிருந்து எடுத்தது போல் பளபளவென்று இருந்தது. சுவிட்சைப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டார். பதில் இல்லை. விட்டுவிட்டார். இன்னொன்று மலிவாக வந்தது. உதிரிப் பாகங்களுக்கு மட்டும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் விட்டார். இதுதான் சூதாட்டக்காரனின் லட்சணமா?

மூன்றாவதாக வந்தது நல்ல கருவி. விற்கிறவர் பல வருஷமாக விற்கிறவர். இறந்துபோன அப்பாவுடையது என்று எழுதி, விளக்கு எரிகிற படமும் அனுப்பினார். சாக்கில் வந்த பணம் எவ்வளவோ அதுதான் இவர் போட்டுக்கொண்ட கோடு.

ஏலம் முடியும் நாள் மதியம் மேஜைமுன் உட்கார்ந்தார். கையில் அந்தப் பழைய கட்டை. எனக்குப் புரிந்தது அவர் முகம் மட்டும்தான். மண்டியில் பெரிய ஆட்கள் செய்வது போல எடுத்த எடுப்பில் பெரிய விலையாகக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் மிரண்டு ஒதுங்கிக்கொள்வார்கள் என்று எண்ணம். போனில் யார் முகமும் தெரிவதில்லை, யாரும் மிரளுவதில்லை. ஒரு தட்டு தட்டினார். இரண்டாவது தட்டு தட்டினார். கட்டையை ஓங்கினபோது கடைசி நொடியில் யாரோ கோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு கட்டையை மெதுவாக மேஜைமேல் படுக்க வைத்தார். தோற்றார், ஆனால் கோட்டைத் தாண்டவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்டிருக்கலாமே என்று மகள்தான் அழுதாள்.

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போன பிறகு போன் முனகியது. படித்தார். எழுந்தார். கதவு நிலையில் தட்டி என்னைக் கூப்பிட்டுப் போனை என் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி. அவர் முகம் மட்டும் தெரிந்தது, ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த முகம். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

அதில் இருந்ததை மகள் பிறகுதான் எனக்குப் படித்துச் சொன்னாள். ஏலம் எடுத்தவர் பின்வாங்கிவிட்டார். அடுத்து நீங்கள்தான். நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன். தளத்தின் வழியாகப் போனால் நாளாகும், கமிஷனும் பிடிப்பார்கள். கீழே உள்ள கணக்குக்கு நேராக அனுப்புங்கள், இன்றைக்கே பெட்டி கட்டிவிடுகிறேன்.

படித்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நர்ஸ் அவ்வளவு சொல்லியும் எப்படி அனுப்பினார் என்று கேட்கிறார்கள். மண்டியில் நின்று பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். அங்கே ஏலம் எடுத்தவன் பணத்தை வைக்காமல் நழுவினால், ஏலக்காரர் அடுத்தபடி கேட்டவனைப் பார்ப்பார். கண்ணால்தான் பார்ப்பார். அவன் தலையசைத்தால் அவன் சொன்ன விலைக்கே மூட்டை அவனுடையது, பணம் கையோடு கை. அதற்கு மறு ஏலம் கிடையாது, சீட்டு கிடையாது. அந்த நேரத்தில் இவன் சந்தேகப்பட்டு ஒரு கேள்வி கேட்டால், ஏலம் விட்டவனைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். இத்தனை வருஷம் அப்படி அடுத்தவனைப் பார்த்துக் கண்ணசைத்தவர் என் மருமகன். இப்போது தன்னைப் பார்த்து யாரோ கண்ணசைக்கிறார் என்று நினைத்தார். மகள் வரும்வரை காத்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தார். அனுப்பிவிட்டார். அனுப்பிவிட்டுக் கட்டையை எடுத்து மேஜையில் ஓங்கி மூன்று தட்டு. டம்ளர் ஆடியது.

பெட்டி வரவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் எழுந்து போய்ப் பார்த்தார். பிறகு மகளும் அவரும் தளத்தின் வழியாக அந்த விற்கிறவருக்கே எழுதினார்கள். அந்த மனிதர் பாவம், திகைத்துப்போய்ப் பதில் எழுதியிருந்தார். கருவி ஏலம் எடுத்தவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டதாம், நான் உங்களுக்கு எதுவுமே அனுப்பவில்லையே என்றார். ஏலத்தை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த எவனோ ஒரு திருடன், தோற்றவர் யார் என்று பார்த்துக் கண்ணசைத்திருக்கிறான். வெளியே போன பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தளத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, “வாயத் தொறந்து சொல்லுய்யா, என்ன விஷயம்?” என்றார். இவர் கழுத்துப்பட்டியை அவிழ்த்துக் காட்டினார். அந்த ஆள் பேனாவை வைத்துவிட்டு நாற்காலி போடச் சொன்னார். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

மாதக் கடைசி வந்தது. மைக் வேலைக்கு முதலாளி வேறொருவரைப் போட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், சொன்ன நாள் வரை காத்திருந்தார்.

பணம் போனதை மூட்டைக்காரர்களுக்குத் தெரியாமல் மறைத்திருக்கலாம். ஏதோ கருவி சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். மகள்கூட, “நான் போய்ப் பக்குவமா சொல்றேங்க, நீங்க வராதீங்க” என்றாள். கேட்கவில்லை. மறுநாள் ஏலம் முடிகிற நேரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். எல்லோரும் மூட்டைகள்மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். போனில் எழுதி வைத்திருந்ததைப் பெரியவரிடம் நீட்டினார்.

“எனக்கு எங்க படிக்கத் தெரியும் வெண்கலம்?” என்று பெரியவர் அதைப் புது ஏலக்காரனிடம் கொடுத்தார்.

இவரிடம் வேலை கற்றவன்தான் அவன். இவர் நின்ற பெட்டிமேல்தான் நின்றிருந்தான். அவனுக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது. ஏலக்குரலிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டான். “நீங்க குடுத்த பணத்த நான் ஏமாந்துட்டேன்! யாரையும் கேக்காம நானே அனுப்பினேன்! தப்பு என்னோடது!” பாதியில்தான் என்ன படிக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. குரல் இறங்கிப்போய்விட்டது. அதற்குள் மண்டி முழுவதும் கேட்டுவிட்டது.

பெரியவர் எழுந்து வந்து இவர் தோளைத் தொட்டார். “போனது போகட்டும் விடு. நாளைக்கும் லாரி வரும், நாளைக்கும் கூலி வரும்.”

யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் பின்னால் மூட்டைமேல் படுத்திருந்த ஒருவன், “ஏலக்காரனையே ஏலத்துல கவுத்துட்டானுங்களேப்பா!” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சுமை இறக்கினவர்கள் சிரிக்கிற சிரிப்பு. இவரும் சிரித்தார். தோள் குலுங்கியது, வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. வீடு வரும்வரை அந்த வாய் மூடவில்லை. சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கதவு நிலையில் தட்டுவது நின்றுபோனது. பசித்தால் அவரே போட்டுக்கொண்டார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும்போது ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கத்துவார்கள். எந்தப் பிள்ளைக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அது வெகுநாள் விளையாட்டு. இவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். எதிர்ப்படுகிறவர்கள் பாவமாகப் பார்த்து, “என்ன குரலுங்க அது!” என்று ஆரம்பிப்பார்கள். அதனால் கடைக்குப் போவதையும் விட்டார்.

ஒருநாள் மாலை மகள் அடுப்படியில் வந்து நின்றாள்.

“அம்மா, அவருக்கு வேலை கெடச்சிருக்கு. தொலைவுல, குளிர்பதனக் கிடங்குல. பெட்டி அடுக்கணும். அங்கயே தங்கணும்.”

“குளிர்லயா? டாக்டர் என்ன சொன்னாரு? கழுத்துல ஓட்டைய வெச்சிக்கிட்டு ஐஸுக்குள்ள மூச்சு விடறதா? நான் ஒத்துக்கமாட்டேன். போய்ச் சொல்லு.”

“சொல்லிட்டேன். நாள் பூரா சொல்லிட்டேன்.” போனை எடுத்து அவர் எழுதியதை எனக்குப் படித்தாள். ‘இங்கே எல்லோரும் என் குரலைக் கேட்டவர்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைத் தேடுகிறார்கள். அங்கே மிஷின் சத்தத்தில் யாரும் பேசுவதில்லை. நான் எப்படிப் பேசினேன் என்று ஒருவருக்கும் தெரியாது. சாக்குப் பணத்தைப் பெரியவர் கையில் கொடுக்கும்வரை எனக்கு அந்த இடம் போதும்.’

நான் உள்ளே போனேன். “மாப்பிள்ளை, அந்தப் பணத்த அவங்க திருப்பிக் கேக்கல. கூலின்னு சொல்லிட்டுத்தானே குடுத்தாங்க? போக வேண்டாம்” என்றேன். அவர் கையைப் பார்த்தேன், மூன்று தட்டு விழும் என்று. விழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஆக, ஓடிப்போனாராம்! ஓடுகிறவர் இப்படியா வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புவார்?

போகிற அன்றைக்கு மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதிகாலையிலேயே அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். பேத்தி அப்பாவின் முதுகில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். வழக்கம்போல நானும் அவரும்தான் மிச்சம்.

ஒரே ஒரு பை. கழுத்துப்பட்டியின்மேல் கம்பளித் துணி ஒன்றை நான்தான் சுற்றிவிட்டேன். இறுக்கமா என்று கேட்டேன், இல்லை என்று தலையசைத்தார். கட்டையை மேஜைமேல் வைத்தார். அந்த விரல் நீள டார்ச்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மடக்கினார். அவருக்குச் சொல்ல ஏதோ இருந்தது. உதடு அசைந்தது. எனக்கு உதடு பார்த்துப் படிக்கவும் தெரியாது.

கதவைத் திறந்தார். நிலையில் கையை வைத்தார். ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. கை மேலே போயிற்று. மூன்றாவது தட்டுக்குக் காத்திருந்தேன். மேலே போன கை அப்படியே இறங்கி, பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டது.

படி இறங்கும் சத்தம் கேட்டது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். இந்த வீட்டில் அன்றைக்கு ஓடியது நான் ஒருத்திதான். கீழே இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவர் அவளுக்கும் தலையசைத்தார். கம்பளித் துணியைச் சரிசெய்துகொண்டு, தெருவின் நடுவிலேயே, எல்லோரும் பார்க்க, நடந்துதான் போனார்.